எண்பது பேருக்கு

அம்மா இறந்து இரண்டு வருடமாக அப்பா வீட்டை விட்டு வெளியே போகவில்லை. முப்பத்தொரு வருடம் தெருத்தெருவாக நடந்து, மாடி மாடியாக ஏறி இறங்கி, வீடு வீடாக மின்சார மீட்டர் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்த மனுஷன். ஓய்வு பெற்ற மறுவருடமே அம்மா போய்விட்டாள். அன்றைக்கு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். தாடியை எடுங்கப்பா என்றால், "யாரு பாக்கப் போறா?" என்பார். இரண்டு மகள்களில் பெரியவள் காலையில் சமைத்து மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். சாயங்காலம் வந்து பார்த்தால் பல நாள் மூடி மூடினபடியே இருக்கும்.

அதனால் ஒருநாள் காலையில் அவர் தானாகவே சவரம் செய்துகொண்டு, சட்டைக்கு இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கிளம்பியபோது, அவள் எங்கே என்று கேட்கவில்லை. கேட்டால் திரும்ப உட்கார்ந்துவிடுவாரோ என்று பயம்.

"கொஞ்சம் நடந்துட்டு வரேன்மா" என்றார்.

"நல்லா நடங்கப்பா" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு சமையலறையில் நின்று கொஞ்ச நேரம் அழுதாள்.

சின்னவள் கல்யாணத்துக்கு அப்போது ஐந்து வாரம் இருந்தது. மாப்பிள்ளை குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவன். சின்னவள் வேலை செய்யும் மருந்துக் கிடங்குக்கு வந்து போனதில் பழக்கம். இரண்டு வீட்டிலும் வசதி ஒரே அளவுதான், அதாவது இல்லை. எல்லாப் பொறுப்பும் பெரியவள் தலையில். அவளுக்கு வயது முப்பத்தாறு. கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவள். ஒரு மயிரிழை கூடினாலும் லென்ஸ் சட்டத்தில் உட்காராது. கல்யாணத்தையும் அப்படித்தான் தேய்த்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்திருந்தாள். மரச்சாமான் கடைக்கு மேலே ஒரு கூடம், அரை நாளைக்கு மட்டும். எண்பது நாற்காலி. எண்பது சாப்பாடு. பூ வேண்டாம், பாட்டு வேண்டாம்.

மாப்பிள்ளையின் அம்மா பட்டென்று பேசுகிற மனுஷி. முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"எங்க பக்கம் நாப்பது, உங்க பக்கம் நாப்பது. என் கூடப் பிறந்த தம்பி குடும்பத்துலயே புருஷன் பொண்டாட்டி மட்டும் வாங்க, பிள்ளைங்க வேண்டாம்னு சொல்லியிருக்கேன். அவன் மூஞ்சி எப்படிப் போச்சு தெரியுமா? இருந்தாலும் சொல்லிட்டேன். நீங்களும் அதே மாதிரி கறாரா இருக்கணும்."

"நிச்சயமா இருப்போம்" என்று பெரியவள் கையைப் பிடித்துச் சொன்னாள்.

அப்பா நடக்கப் போன ஐந்தாம் நாள், கடைக்கு மூக்குக்கண்ணாடி வாங்க ஒரு தையல்காரம்மா வந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்னறைப் பக்கம் எட்டிப் பார்த்தவள், "அட, நீ மீட்டர் அண்ணன் பொண்ணுதானே?" என்றாள்.

"ஆமா."

"அப்பா வீட்டுக்கே வந்து கூப்பிட்டாரும்மா. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. நாங்க அஞ்சு பேரும் வந்துடறோம்னு சொல்லு."

பெரியவள் கையிலிருந்த லென்ஸைக் கீழே வைத்தாள். தையல்காரம்மா கல்யாணத்துக்கு அழைக்கிறவர்கள் பட்டியலில் இல்லை. அவளை இதற்கு முன் பார்த்ததுகூட இல்லை.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்தபோது சலவைக்கடைக்காரர் கை காட்டி நிறுத்தி, கண்டிப்பாக வருவதாகச் சொன்னார். மருந்துக்கடையில் ஒருவன், "எத்தனை மணிக்குக்கா?" என்று கேட்டான்.

வீட்டில் அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார். தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்டாள்.

"எத்தனை பேரைப்பா கூப்பிட்டிருக்கீங்க?"

"எண்ணலைம்மா. வடக்குத் தெரு முடிஞ்சுது. நாளைக்கு ஆஸ்பத்திரிச் சந்து. அங்க மாடி வீடு ஜாஸ்தி, ரெண்டு நாள் ஆவும்."

மீட்டர் பார்க்கப் போகிற அதே வழி, அதே வரிசை. இருபது வருடத்துக்கு முன் இதே இடத்தில் உட்கார்ந்து அம்மாவிடம் இப்படித்தான் சொல்லுவார்.

"அப்பா, கூடத்துல எண்பது பேருக்குத்தான் இடம். சாப்பாடும் அவ்ளோதான்."

"எல்லாரும் எங்கம்மா வரப்போறாங்க? ஒரு வார்த்தை சொன்னா சந்தோஷப்படுவாங்க, அவ்ளோதான்." சோற்றைப் பிசைந்தபடியே கொஞ்சம் குரல் தாழ்த்தினார். "உங்கம்மா போனப்ப எத்தனை ஜனம் வந்துச்சு, பாத்தியா? வாசல்ல நிக்க இடமில்லை. நான் ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை பேசலை. தலையைக்கூட நிமிர்த்தலை. இப்ப ஒரு நல்லது நடக்குது. போய்ச் சொல்ல வேணாமா?"

அப்பா தட்டை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் போடு. இன்னிக்கு நல்லா பசிக்குது."

அவள் போட்டாள். இரண்டு வருடத்தில் அவர் மறுசோறு கேட்டது அன்றைக்குத்தான். அதற்கு மேல் என்ன சொல்வது?

சின்னவளிடம் மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது சொன்னாள். சின்னவள் ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"நீயே சொல்லிடுக்கா. நான் வாயைத் திறந்தா அழுதுடுவேன்."

"நான் சொல்லிப் பாத்துட்டேன்டி."

"அவரு நேத்து விசில் அடிச்சுக்கிட்டே படி இறங்கினாருக்கா. அவருக்கு விசிலடிக்கத் தெரியும்னே எனக்கு மறந்துபோச்சு."

மறுநாள் சின்னவள் கல்யாணத்துக்கு வாங்கியிருந்த உடையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். புகைப்படக்காரருக்கு வேண்டாம் என்று போன் செய்தாள். அந்தப் பணத்தையும் பெரியவளிடம் இருந்த கடைசிக் கொஞ்சத்தையும் எடுத்துக்கொண்டு இருவரும் சமையல்காரரிடம் போனார்கள்.

"நூத்திப் பத்து வரைக்கும் இழுக்கலாம்" என்றார் அவர். "அதுக்கு மேல வந்தா என்கிட்ட மந்திரம் ஒண்ணும் கிடையாது, சொல்லிட்டேன். எத்தனை பேர் வருவாங்க, சரியாச் சொல்லுங்க."

"தெரியலையே" என்றாள் பெரியவள்.

"கல்யாணம் உங்க வீட்டுது, உங்களுக்கே தெரியலையா?"

அவள் நூற்றுப் பத்துக்கான பணத்தை எண்ணி வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு காரியம் செய்தாள். அப்பா கிளம்பிய பிறகு அவளும் கிளம்பி, அவர் ஏற்கெனவே போய் வந்த வடக்குத் தெருவுக்குப் போனாள். அவர் அழைத்திருந்தவர்களிடம் போய், தயவுசெய்து வராதீர்கள் என்று சொல்லப் போனாள். முதல் வீட்டில் ஒரு ஓட்டுநர். அவர் கேட்டுவிட்டு, "பரவாயில்லைம்மா, நமக்குத் தெரியாததா?" என்றார். அவர் நல்லவிதமாகச் சொன்னதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. இரண்டாவது வீட்டில் ஒரு பெண், "அப்பா வந்து வாங்கன்னாரு, பொண்ணு வந்து வராதீங்கன்றே. உங்க வீட்டுல ஒருத்தருக்கொருத்தர் பேசிக்க மாட்டீங்களா?" என்று கதவைச் சாத்தினாள்.

மூன்றாவது வீட்டில் கதவைத் திறந்தவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். பெரியவளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வா வா! உங்கப்பா இப்பத்தான் நல்லா ஆயிருக்காரு. அன்னிக்கு வந்து ஒரு மணி நேரம் பேசினாரு. உங்கம்மாவைப் பத்தி, உங்க ரெண்டு பேரைப் பத்தி. 'பெரியவ இல்லைன்னா நான் எப்பவோ போய்ச் சேந்திருப்பேன்'னு சொன்னாரும்மா." உள்ளே திரும்பி, "யாரு வந்திருக்கா பாரு!" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

பெரியவள் அவர்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். கல்யாண நேரத்தை ஞாபகப்படுத்திவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொன்னாள். படி இறங்கி, வேறு எந்த வீட்டுக்கும் போகாமல் திரும்பினாள்.

கல்யாணத்தன்று காலை பத்து மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. பத்தரைக்குச் சுவரோரம் நின்றார்கள். பதினொன்றுக்கு மாடிப்படியில் வரிசை நின்றது. சின்னவள் தோழியிடம் இரவல் வாங்கிய உடையில், மாப்பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். அப்பா கூட்டத்துக்குள் புகுந்து புகுந்து ஒவ்வொருவர் கையையும் பிடித்தார். "மூணாவது மாடி! நீங்களும் வந்துட்டீங்களா!" "நாய் வீட்டுக்காரரே, வாங்க வாங்க!" பெரியவள் அந்த முகத்தைப் பார்த்தாள். அம்மா இருந்தபோதுகூட அவர் இப்படி மலர்ந்து அவள் பார்த்ததில்லை. அதே நேரம் அவள் உதடு தலைகளை எண்ணிக்கொண்டே இருந்தது. நூற்று எண்பதில் விட்டுவிட்டாள்.

முதல் பந்தி முடிந்தது. இரண்டாம் பந்தி பாதியில் சமையல்காரர் வந்து அவள் காதோரம், "தீந்துடுச்சு" என்றார். பிறகு, "நான் முன்னாடியே சொன்னேன்மா" என்றார். அவர் குரலிலும் கோபம் இல்லை.

இலையின் முன்னால் உட்கார்ந்தவர்கள் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து, பார்த்தும் பார்க்காததுபோல் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்கள். அதில் மாப்பிள்ளையின் தாய்மாமனும் மாமியும் இருந்தார்கள். பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள். மாப்பிள்ளையின் அம்மாவிடம் தலையசைத்துவிட்டுப் போனார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா பெரியவளிடம் வந்தாள். கத்துவாள் என்று பெரியவள் நினைத்தாள், கத்தியிருந்தால் தேவலை.

"என் தம்பி பிள்ளைங்களை நான் வேணாம்னேன்" என்றாள். அவ்வளவுதான்.

அப்பாவை அப்போதுதான் தேடினாள். கூடத்தில் இல்லை. ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். மரச்சாமான் கடை வாசலில், படி ஆரம்பிக்கிற இடத்தில், அப்பா நின்றுகொண்டிருந்தார். தாமதமாக வருகிறவர்களை ஒவ்வொருவராக நிறுத்தி ஏதோ சொன்னார். தையல்காரம்மா குடும்பத்தோடு ஐந்து பேராக வந்து நின்றாள். அப்பா கை கூப்பினார். அவள் அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, ஏதோ சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். அப்பா மறுபடியும் கூப்பினார். கணக்கு வாத்தியார் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தார். அவரையும் திருப்பி அனுப்பினார். பெரியவள் இறங்கி ஓடினாள். ஆனால் படி முழுக்க இறங்குகிற ஜனம். அவள் கீழே போய்ச் சேர்ந்தபோது வாசலில் அப்பா மட்டும்தான் இருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

"மேல வாங்கப்பா."

"நீ போம்மா. இன்னும் யாராவது வருவாங்க. சொல்லணும்ல?"

மறுநாள் அவர் சவரம் செய்யவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சின்னவள் புது வீட்டிலிருந்து போன் செய்தாள். மாமியார் பேசுகிறார், ஆனால் கேட்டதற்கு மட்டும்தான் என்றாள். அப்பாவிடம் கொடு என்றாள். அப்பா, தூங்கறேன்னு சொல்லு என்று கை காட்டினார். சலவைக்கடைக்காரர் ஒரு சாயங்காலம் வாசல்வரை வந்து கூப்பிட்டுப் பார்த்தார். அப்பா உள்ளறைக்குப் போய்விட்டார்.

நான்காம் நாள் பெரியவள் கடைக்குப் போகாமல் அவர் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"யாரும் தப்பா நினைக்கலைப்பா. சந்தோஷமாத்தான் பேசிக்கறாங்க. வாங்க, ரெண்டு பேரும் முனை வரைக்கும் நடந்துட்டு வரலாம்."

"யாரு யாரு சாப்பிடலை, உனக்குத் தெரியுமா?" என்றார் அப்பா.

"தெரியாதுப்பா. விடுங்க."

"எனக்குத் தெரியும்."

வடக்குத் தெருவிலிருந்து ஆரம்பித்தார். தெருமுனை வீடு, கீழ்த்தளம், அந்த அம்மா மட்டும். அடுத்தது மாடி, புருஷன் பொண்டாட்டி, ஒரு கைக்குழந்தை. தையல் வீடு, அஞ்சு பேர். வாத்தியார் வீடு, ரெண்டு பேர். வீடு தவறாமல், ஆள் தவறாமல், மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே போனார். போதும்பா என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். அவர் காதில் விழவில்லை. அவர் ஆஸ்பத்திரிச் சந்துக்கு வந்தபோது, அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.