பள்ளங்கி குடோனில் பெட்டிகள் எழும்பிய விவரம்

பள்ளங்கி காய்கறிக் குடோனில் சிக்னல் அறுந்தால், ஸ்கேன் பண்ணிய பெட்டிகள் தரையை விட்டு எழும்பித் தகரக் கூரையில் போய் ஒட்டிக்கொள்ளும். சிக்னல் திரும்பியதும் மெதுவாக இறங்கிவிடும். முதல் தடவை எழும்பியவை நாற்பத்தாறு, எல்லாம் கேரட். மதுரைக் கம்பெனி சுவர் உச்சியில் ரூட்டரை மாட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் ஸ்டிக்கர் ஒட்டி ஸ்கேன் பண்ணச் சொன்ன ஆனி மாதத்திலேயே இது ஆரம்பித்துவிட்டது. ஊரில் யாரும் மலைக்கவில்லை. எந்தப் பெட்டி எங்கே இருக்கிறதென்று கம்பெனியே முழிக்கும்போது பெட்டி மட்டும் எப்படி ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும் என்று கேட்டுவிட்டு, அவரவர் சோலியைப் பார்க்கப் போனார்கள்.

மேனகாவால் அப்படிப் போக முடியவில்லை. குடோனுக்குப் பொறுப்பு அவள்தான். பொறுப்பென்று பேர், மற்ற இருபத்திரண்டு பெண்களைப்போல அவளும் தினக்கூலிதான். லோடு நேரத்துக்குப் போய்க்கொண்டிருந்தால் எல்லோரையும் நிரந்தரமாக்குவதாகவும், இல்லாவிட்டால் குடோனையே மலையை விட்டு வத்தலக்குண்டுக்கு இறக்கிவிடுவதாகவும் கம்பெனி சொல்லியிருந்தது. சிக்னலை அறுத்ததோ குரங்குகள். ரூட்டர் வயரைப் பிடித்து ஊஞ்சல் ஆடின. அதற்கொரு வழி பண்ணினார்கள் பாருங்கள், பள்ளங்கிக்காரர்களுக்குத்தான் அது தோன்றும். வெல்டிங் ஜெயமுருகனைப் பிடித்து, நெருக்கமான இரும்பு வலையில் கூண்டு செய்து, ரூட்டரைச் சுற்றி மாட்டிப் பூட்டும் போட்டார்கள். ஆயுத பூஜையன்று கூண்டுக்குச் சந்தனப் பொட்டு, செவ்வந்தி மாலை எல்லாம் உண்டு. அதன்பிறகு குரங்குகள் வரவில்லை. சிக்னலும் வருவதும் போவதுமாக நூலிழையாகிப் போனது. தினமும் பெட்டிகள் எழும்பின. பனிமூட்டம்தான் சிக்னலைத் தின்கிறது என்று ஊரே சத்தியம் பண்ணியது. லோடு இரண்டு முறை பிந்தியது. இன்னொரு முறை பிந்தினால் குடோனுக்குப் பூட்டு என்று மதுரையிலிருந்து சொல்லிவிட்டார்கள்.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு, முந்நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள் நாலு மணிக்குள் கிளம்ப வேண்டியிருந்தது. மூன்றேகாலுக்குக் கடைசிப் பெட்டியை ஸ்கேன் பண்ணி முடித்த நொடியில் அத்தனையும் ஒன்றாக எழும்பின. கல்யாணம் முடிந்த மண்டபம்போலத் தரை வெறிச்சென்று ஆனது. லாரி டிரைவர் சுப்புராஜ் அண்ணாந்து பார்த்துவிட்டு, நாலு மணிக்கு மேல் ஒரு நிமிஷம் நிற்கமாட்டேன், காலி லாரியானாலும் கிளம்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

மேனகா ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு மூலைமூலையாக ஓடினாள். எங்கே போனாலும் திரையில் வட்டம் சுற்றியது. கடைசியில் ரூட்டருக்கு நேர் கீழே வந்து நின்றாள். அங்கேயும் வட்டம். ரூட்டரில் பச்சை விளக்கு எரிகிறது, தலைக்கு மேலே பத்தடிதான், நடுவில் பனியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இரும்புக் கூண்டுதான் இருந்தது. அடப் பாவமே, பூவும் பொட்டும் வைத்து நம் கையாலேயே அதன் வாயைக் கட்டிப்போட்டோமே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். காரணம் தெரிந்துவிட்ட சந்தோஷமும் தாங்கவில்லை. பூட்டுச் சாவி ஜெயமுருகனிடம், ஜெயமுருகன் கவுஞ்சியில் வேலையாக, ஏணியும் அவரோடு.

இருந்தவர்களிலேயே மூத்தவள் மாரியாயி. அவளிடம் ஓடினாள் மேனகா.

"யக்கா, ஒரு பெட்டியக் கொக்கி போட்டு இழுங்க. நான் ஏறி உக்காந்துக்கிறேன்."

"சிக்னல் வந்து நீ மேல மாட்டிக்கிட்டா?"

"வந்தா பெட்டி என்னையும் எறக்கி விட்டுரும். வெரசா இழுங்க."

நான்கு பேர் கொக்கிக் கம்பில் தொங்கி ஒரு பீன்ஸ் பெட்டியை இறக்கினார்கள். மேனகா சேலையை வரிந்து கட்டி, கட்டிங் பிளேயரை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். விட்டார்கள். சொய்யென்று உச்சிக்குப் போய் நின்றது பெட்டி. மாலையைப் பிய்த்துப் போட்டு, கம்பி கம்பியாக அவள் வெட்டினாள். கை கன்றிப் போனது. கூண்டின் முன்பக்கம் முழுதாகக் கழன்று விழுந்ததும், கீழே இருந்த ஸ்கேனர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கீச்சென்றன. பெட்டிகள் வரிசை பிசகாமல் இறங்க ஆரம்பித்தன, மேனகாவின் பெட்டியும்தான். பெண்கள் சும்மா விடுவார்களா? தரை தொடும் முன்பே அந்தரத்தில் பிடித்து, பஞ்சுப் பொதியைத் தள்ளுவதுபோல லாரிக்குள் தள்ளினார்கள். மூன்று ஐம்பத்தெட்டுக்கு லோடு முடிந்தது. சுப்புராஜ் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்தார்.

கம்பெனிக்கும் புத்தி வந்தது. இன்னும் மூன்று ரூட்டர்கள் அனுப்பி, நாலுக்கும் பிளாஸ்டிக் மூடி போட்டது. அதன்பிறகு ஒரு லோடும் பிந்தவில்லை. சித்திரையில் இருபத்து மூன்று பேரையும் நிரந்தரமாக்கி, ஸ்டிக்கர் ஒட்டிய அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டச் சொன்னார்கள். தினமும் காலையில் அதையும் ஸ்கேன் பண்ண வேண்டும்.

வைகாசியில் ஒரு மத்தியானம் கரண்டு போனது. ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் ஒரு நிமிஷம் ஆகிவிட்டது. அந்த ஒரு நிமிஷமும் பெட்டிகள் கூரைக்குப் போக, கழுத்து அட்டையின் பலத்துக்கு இருபத்து மூன்று பெண்களும் தரையை விட்டு ஒரு சாண் எழும்பி நின்றார்கள். மாரியாயி குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"பத்து வருசமா இங்கதான் கெடக்கேன், ஒரு நாளும் அசைஞ்சதில்ல. இப்பத்தான் புள்ள நம்மளையும் ஆளுன்னு எழுதியிருக்காங்க" என்றாள் மேனகாவிடம்.

சொல்லிவிட்டு, நின்ற உயரத்திலிருந்தே கை நீட்டி, தரம் பிரிக்க அடுத்த கேரட்டை எடுத்தாள்.