தேவகி சொல்லாத பேர்

பசியாவரத்துத் தேவகி தன் புருஷன் பேரை வாயால் சொன்னதே கிடையாது. சொன்னால் அவன் ஆயுசு குறையுமாம். அவன் பேர் சிங்கன். பசியாவரம் தீவில் சிங்கத்தைக் கண்டவர் யார்? நரசிம்மருக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை, அதனால் வைத்த பேர், அவ்வளவுதான். குழந்தைக்குக் கதை சொல்லும்போதுகூட அந்தச் சாமியைப் 'பிடரிசாமி' என்று சொல்லிச் சமாளிப்பாள், கள்ளி.

பஞ்ச வருஷம் அது. மூட்டை தூக்கப் பழவேற்காட்டுக்குப் போன சிங்கனை ஒல்லாந்து வியாபாரி ஒருவன் கிடங்கில் போட்டுப் பூட்டிவிட்டான். கப்பலேற்றி அடிமையாக விற்பதற்கு. சேதி தெரிந்ததும் தேவகி படகேறி ஓடினாள்.

கிடங்கு வாசலில், அந்த வியாபாரித் துரைக்குப் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாசி சந்தியாகு நின்றான். "தப்பாப் புடிச்ச ஆளுன்னா உட்டுருவாங்க. துரை உள்ள போய்ப் பேர் சொல்லிக் கூப்புடுவாரு. கொரல் குடுத்தா இட்டுக்கினு போ. பேர் இன்னா?"

தேவகி கதவுக்கு மேலே கை காட்டினாள். மரத்தில் செதுக்கிய சிங்கம் ஒன்று அங்கே நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. "அதோட பேருதாண்ணா."

ஆட்களைக் கப்பலுக்குக் கொண்டுபோகப் படகுகள் காத்திருந்தன, சந்தியாகுவுக்கு அவசரம். பாவி, அதைத் துரையின் பாஷையிலேயே சொல்லித் தொலைத்தான். துரை உள்ளே போய் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு வந்து கையை விரித்தான்.

"லேயுவ்னு யாரும் இல்லியாம்மா," என்றான் சந்தியாகு.

"லேயுவா? அது இன்னாது?"

"நீ காட்னியே, அதுக்கு அவங்க ஊர்ல அதான் பேரு."

"ஐயோ அண்ணா, அது அவருக்கு எப்டித் தெரியும்? நம்ம பேச்சுல கூப்புடச் சொல்லு."

"இன்னும் ஒரு தபாதான் போவாரு. நரசிம்மலுவா, சிங்கப்பனா, சிம்மாத்திரியா, நான் இன்னாத்தக் கண்டேன்? நீயே சொல்லிடும்மா."

வாயைத் திறந்தாள். மூடினாள். சொன்னால் செத்துப்போவான், சொல்லாவிட்டால் போய்விடுவான். இரண்டுக்கும் நடுவில் நின்று அழுதாள். துரை கொஞ்சம் பார்த்தான், பிறகு போய்விட்டான்.

கிடங்கின் பின்வாசலில் துடுப்புச் சத்தம் கேட்டது. சுற்றிக்கொண்டு ஓடினாள். கை கட்டிய ஆட்களோடு படகு கிளம்பியிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, "சிங்கா!" என்று கத்தினாள்.

படகில் ஒருத்தன் திரும்பினான். அவன்தான். எழுந்திருக்கப் பார்த்தான், தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

கட்டின பெண்டாட்டி வாயால் தன் பேரை அவன் அன்றைக்குத்தான் கேட்டான். அதற்கப்புறம் கேட்கவே இல்லை.