சேதுராமன் திருடிய உப்பு

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு அல்ல. மலாக்காவில், காஜா பெராங்கில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொன்னது. "சயரோகக்காரன் ஒருத்தன் உப்பத் திருடித் தின்னான். அத வச்சுத்தான் டாக்டரு அவன் நோயவே கண்டுபுடிச்சாரு," என்றார். அதற்குள் பாயசம் வந்துவிட்டது. அவர் வாய் அதன் பக்கம் போய்விட்டது. மீதியை நான்தான் கட்டியாக வேண்டும், கட்டாமல் விடுவதாகவும் இல்லை.

2

முதல் தொடக்கம்: 1957 ஆகஸ்டில், மலாக்கா முழுவதும் சுதந்திரத்துக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு தேசத்தின் உடம்பில்—

வேண்டாம். ஒரு மனிதன் சாகக் கிடக்கிற கட்டிலில் தேசத்தையும் ஏற்றினால் இடம் பற்றாது.

இரண்டாம் தொடக்கம்: லோரி ஓட்டும் சேதுராமனுக்குச் சயரோகம். மாதக்கணக்கில் வீட்டில் படுக்கை, ஊசி, மாத்திரை. இருமல் அடங்கியது, ஆள் தேறவில்லை. எழுந்தால் தலை சுற்றியது, சாப்பிட்டால் வாந்தி. மனைவி கமலவேணி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள்: வீட்டுக்காரர் ஒரு மண்டலம் உப்பில்லாச் சோறு தின்பார்.

[உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பதெல்லாம் மற்றவர்களுக்கு. விரதக்காரன் முகம் சுளிக்கக் கூடாது.]

விரதம் ஏற ஏற ஆள் இறங்கினான்.

3

கமலவேணி விஷயத்தில் எனக்குச் சிக்கல். முதல் வரைவில் அவளை விவரம் தெரியாதவளாக எழுதினேன். பழியை அவள் தலையில் கட்டிவிட்டு டாக்டருக்கு மாலை போடலாம் அல்லவா? ஆனால் புருஷனை வாடகைக் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவள் அவள். கட்டில் இல்லை என்றவர்களிடம், "அப்ப ஒங்க நாற்காலியக் குடுங்க," என்று கேட்டவள். அவளை அசடாக எழுத எனக்குக் கை வரவில்லை.

அதுவுமில்லாமல், ஒரு விஷயம் அவளுக்கு மட்டுமே தெரியும். விரதத்தின் நடுவில் சேதுராமன் சுவரைப் பிடித்துக்கொண்டே, இரண்டு வீட்டுக்கும் பொதுவான புழக்கடைக்குப் போனான். அடுத்த வீட்டு, மலாய் பேசும் மலாக்காச் செட்டிக்காரம்மா சிஞ்சாலோக் ஜாடியை அங்கே வைத்திருந்தாள். கூனி இறாலை உப்பில் ஊறவைத்தது. அதில் கையை விட்டு அள்ளி அள்ளித் தின்றான். விரதக்காரன் வாயில் உப்பும் இறாலும்! பார்த்தவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

4

ஆஸ்பத்திரி டாக்டர் பொன்னுதுரை யாழ்ப்பாணத்துக்காரர். சேதுராமனின் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். ரேகைகள் மை தடவியதுபோல் கறுத்திருந்தன. ஈறும் கறுப்பு.

"லோரி வெயிலு, டாக்டரு," என்றாள் கமலவேணி.

"படுக்கையில கிடக்கிறவருக்கு எங்க, தங்கச்சி, வெயில்? வாய்க்குள்ளயும் வெயில் அடிச்சதோ?"

உட்கார வைத்ததுமே இரத்த அழுத்தம் விழுந்தது, ஆளும் சாய்ந்தான். மற்ற டாக்டர்கள் நுரையீரல் போய்விட்டது என்று கைவிட்டுவிட்டார்கள். பொன்னுதுரை விடவில்லை. சிறுநீரகங்களின் தலையில் இரண்டு சிறு சுரப்பிகள் உண்டு. சயரோகம் அங்கே போய் அரித்துவிட்டால் உடம்பில் உப்பு தங்காது, ரேகையும் ஈறும் கறுக்கும். இதை அவர் பாடத்தில் படித்ததோடு சரி, கண்ணால் கண்டதில்லை. இரத்தத்தைச் சிங்கப்பூருக்கு அனுப்பிப் பதில் வரும்வரை சேதுராமன் தாங்கமாட்டான்.

"நான் நினைக்கிறது சரியெண்டால், அந்தச் சுரப்பியின்ர வேலையைச் செய்யிற இந்த ஊசியும் உப்புத் தண்ணியும் இவரை எழுப்பும். பிழையெண்டால் இந்த ஊசியே சயரோகத்தைக் கிளப்பிப்போடும். எனக்கு இன்னும் ஒரு சாட்சி வேணும். இவர் உப்புக்கு அலைஞ்சவரோ? மறைக்காமச் சொல்லுங்கோ."

(இங்கே அவளை நாலு பத்தி யோசிக்க விட்டிருந்தேன். அடித்துவிட்டேன். அவளுக்கு ஏது அவ்வளவு நேரம்?)

அவளுக்குப் பயமாக இருந்தது. சொன்னால் புருஷன் மானம் போகும். உப்பை ஏற்றுவார்கள், அம்மனுக்குக் கொடுத்த வாக்கும் போகும். சொல்லாவிட்டால்—

"திருடித் தின்னாரு," என்றாள், வார்டுக்கே கேட்கும்படி. "அடுத்த வீட்டுச் சிஞ்சாலோக்க, கையால அள்ளி. நீங்க உப்ப ஏத்துங்க டாக்டரு. அவரு வெரதத்த இனிமே நான் புடிச்சிக்கிறேன். ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்."

5

ஊசி போட்டாயிற்று. உப்பு நீர் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது. இனி முடிவு.

முடிவு அ: சேதுராமன் எழுந்து உட்கார்ந்து கோப்பி கேட்கிறான்.

முடிவு ஆ: சிங்கப்பூரிலிருந்து பதில் வருகிறது, டாக்டர் நினைத்தது சரியென்று. கட்டில் காலி.

இரண்டாவதில்தான் இலக்கியம் இருக்கிறது என்கிறார்கள் நண்பர்கள். அதைக் கமலவேணியிடம் அவர்களே நேரில் போய்ச் சொல்லட்டும். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது.

நோய் அதுதானா என்பது இப்போது தெரிந்துவிடும். அழுத்தம் பார்க்கும் பட்டையை டாக்டர் சேதுராமனின் கையில் சுற்றிவிட்டார். "எழுப்பிப் பாப்பம்," என்கிறார். கமலவேணி இடது பக்கம் தோள் கொடுத்துவிட்டாள். டாக்டருக்குக் கை ஒழியவில்லை. நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். வலது பக்கம் தாங்க ஆளில்லை.

நீங்கள் சும்மாதானே நிற்கிறீர்கள்? வாருங்கள், பிடியுங்கள்.