ஏழாம் நம்பர் தீம்பாரில் கடைசி வெட்டு

இரண்டு முழங்கால்களிலும் ஆணி அடித்தது போல வலி. காலையில் என் நிரை ரப்பர் மரங்களை வெட்டி, பாலைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்டோரில் ஊற்றிவிட்டு, சோறுகூடத் தின்னாமல் அந்த ஆளின் பின்னால் நடந்தேன். முந்நூறு மரங்களையும் பார்க்காமல் அவர் திரும்புவதாக இல்லை.

அவர் பெயர் இராசரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர். என் புருஷன் சன்னாசியின் வழக்கை எடுத்த சிரம்பான் லாயர், துப்புப் பார்த்து வரச் சொல்லி அவரை அனுப்பியிருந்தார். முன்பு தம்பின் ஊர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலையை மேற்பார்க்கும் கண்டக்டராக இருந்தாராம். மரத்தில் காயம் பட்டால் சம்பளத்தில் பிடிக்கிற வேலை அது. நாங்கள் குடியிருந்த லயத்தில் ஒருவரும் அவரிடம் வாய் திறக்கவில்லை.

மலாயாவில் காட்டுக்குள் ஒளிந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் தொடங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. தோட்டத்தில் காட்டை ஒட்டிய மரப்பகுதியான ஏழாம் நம்பர் தீம்பாரில், வேலியோரம் ஒரு பொட்டலம் அரிசி அகப்பட்டது. போலீஸ் வந்து, எங்களை வேலை வாங்கும் மண்டோர் வீரமுத்துவைப் பிடித்து உலுக்கியது. காலை ஒன்பது மணிக்கு, மரம் வெட்டிக்கொண்டிருந்த சன்னாசி உளியை வைத்துவிட்டுப் போய், காட்டுக்காரர்களுக்காக அந்தப் பொட்டலத்தை வைத்ததைக் கண்ணால் பார்த்ததாக மண்டோர் எழுதிக் கொடுத்துவிட்டார். நிரூபணமானால் தூக்கு என்று லாயர் சொன்னார்.

அன்று சன்னாசி வேலைக்கே போகவில்லை. குளிர்காய்ச்சலில் லயத்தில் சுருண்டு கிடந்தார். ஆனால் வேலைக்கு வந்தவர்களை எழுதும் செக்ரோலில் அவர் பேர் விழுந்திருந்தது. அது எப்படி விழுந்தது என்பதை லாயரிடம்கூட நாங்கள் சொல்லவில்லை.

அன்று மாலையே பட்டாளம் அந்தத் தீம்பாரை மூடிவிட்டது. அதற்குப் பிறகு அங்கே உளி படவில்லை. ஒரு நாள் மட்டும் போய்ப் பார்க்கத் துரை அனுமதி கொடுத்திருந்தார். துப்பாக்கியோடு ஒரு காவல்காரன் எங்களுக்குப் பின்னால் வந்தான்.

இராசரத்தினம் ஒவ்வொரு மரத்தடியிலும் குந்தினார். மழைத்தண்ணீர் நிறைந்த, பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைக் கவிழ்த்தார். வெட்டுப்பட்ட பட்டையில் விரலை வைத்து மேலிருந்து கீழே மெதுவாக இழுத்தார். ஒரு தகர அளவுகோலை வைத்துப் பார்த்து, நோட்டில் எழுதினார். அடுத்த மரம். மறுபடியும் குந்தல். பால் வாளிகள் தொங்கும் காண்டாக் கம்பைச் சுமந்துகொண்டு பக்கத்துத் தீம்பார் வழியாகப் போன எங்கள் லயத்து நல்லசாமி, "ஐயா மரத்துக்கிட்ட வாக்குமூலம் வாங்குறாரு லா" என்றான். அவர் அடுத்த மரத்துக்கு நகர்ந்தார்.

நூற்றுச் சொச்சம் மரம் ஆனதும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மேலே இருந்த பழைய வெட்டுகள் எல்லாம் வழவழவென்று இருந்தன. எல்லாம் என் புருஷனுடைய கை. கடைசி வெட்டு மட்டும், பால் இறங்கும் தகரத்துக்குக் கிட்டே, கட்டை தெரியும்வரை ஆழமாக இறங்கியிருந்தது. அடுத்த மரத்திலும் அப்படியே. அதற்கடுத்த மரத்திலும்.

பதினோரு வயதிலிருந்து நான் பால் வெட்டுகிறேன். எத்தனை ஆயிரம் பட்டை பார்த்திருப்பேன். ஒரு மனுஷன் ஒரு நாள் வந்ததும் வராததும் மரத்தில் எழுதியிருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. முழங்கால் வலிகூட மறந்துபோனது.

"இது உங்கட மனுசன்ர கை இல்லை. உளி இந்த முனையில ஆழமா இறங்கினபடியா, இடக்கைக்காரர் ஆரோ வெட்டினது" என்றார் அவர். "ஆரெண்டு உங்களுக்குத் தெரியும்."

"சொன்னா அவ வேல போயிரும், ஐயா."

"சொல்லாட்டி உங்கட மனுசன்ர உயிர் போகும், அம்மா."

சொன்னேன். லயத்தில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால், ஓய்வில் இருக்கிற இன்னொருவர் அந்த நிரையை வெட்டிப் பேரைக் காப்பாற்றுவது எங்கள் வழக்கம். விடிந்தும் விடியாத வேளையில் ஆள் எண்ணும் பிரட்டில் பேரைக் கூப்பிடும்போது பின்னாலிருந்து யாராவது "வந்துட்டாரு" என்பார்கள். மண்டோர் தலை நிமிர்த்திப் பார்க்கமாட்டார். அன்று எங்களுக்காக வெட்டியது பக்கத்து வீட்டு மாரியம்மா. கைம்பெண். மரம் விழுந்து வலது கை கோணிப்போனவள். இடது கையால்தான் வெட்டுவாள். காட்டுக்குப் பயந்து மண்டோர் அன்று ஏழாம் நம்பர் பக்கமே போகவில்லை. போலீஸ் கேட்டபோது, செக்ரோலில் அந்தத் தீம்பாருக்கு நேரே இருந்த பேரைச் சொல்லிவிட்டார்.

இராசரத்தினம் மாரியம்மாவிடம் எதையும் மறைக்கவில்லை. பொய்ப் பேர் போட்டதற்குத் தோட்டம் சும்மா விடாது என்பதையும் சொன்னார். அவள் மங்கு கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "கோர்ட்டுக்கு எந்த பஸ்ல போவணும்?" என்று மட்டும் கேட்டாள்.

துரையிடம் மறுபடி அனுமதி வாங்கி, தம்பினிலிருந்து ஒரு படக்காரரைக் கூட்டிவந்து மரங்களைப் படம் எடுத்தார் அவர். விழுந்த பால்மரத்தின் துண்டு ஒன்றை லாரியில் ஏற்றிச் சிரம்பான் கோர்ட்டுக்கே கொண்டுபோனார். எல்லோரும் பார்க்க, சன்னாசியின் கைவிலங்கை அவிழ்த்து உளியைக் கொடுத்தார்கள். வெட்டினார். பிறகு மாரியம்மா இடது கையால் வெட்டினாள். வெள்ளைக்கார நீதிபதி ஆசனத்தை விட்டு இறங்கி வந்து, படத்தையும் கட்டையையும் மாறிமாறிப் பார்த்தார். குனிந்து, இராசரத்தினம் செய்தது போலவே விரலை வைத்து இழுத்தார். லாயர் எத்தனையோ பேசினார். எனக்கு அந்த விரல்தான் நினைவிருக்கிறது.

மண்டோர் கண்ணால் பார்த்தேன் என்றது பொய்யென்று ஆனதும் சன்னாசியை விட்டுவிட்டார்கள். நான் இராசரத்தினத்தின் காலில் விழப் போனேன். அவர் ஒதுங்கிக்கொண்டு, மாரியம்மா பக்கம் கையைக் காட்டினார்.

வழக்கில் ஜெயித்தவனை நீக்கினால் பேப்பரில் வந்துவிடும் என்று சன்னாசி மீது துரை கை வைக்கவில்லை. மாரியம்மாவுக்கு மூன்றாம் நாள் சீட்டுக் கிழித்தார்கள். லயத்து வீட்டையும் காலி பண்ணச் சொன்னார்கள். ஆபிசுக்குப் போய் அவளுக்காக நாலு வார்த்தை பேச வேண்டியவர்கள் நாங்கள். எங்களையும் சேர்த்து அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் போகவில்லை. சாமான் மூட்டையை நான்தான் லாரியில் தூக்கி வைத்தேன். புக்கிட் பெலண்டோக் பக்கம் போனாள் என்றார்கள். தேடிப் போகவில்லை.

மாரியம்மாவுக்கு நாங்கள் ஒரு வேலையும் ஒரு வீடும் கடன்பட்டிருக்கிறோம். இன்னும் கொடுக்கவில்லை.