ஆடு தின்னாத தாள்

"ஏட்டி, உனக்கு வாயில நாக்கு இருக்கா, இல்ல அதையும் நூலாத் திரிச்சு ஊசியில மாட்டிட்டியா?"

முத்துராணியின் அண்ணனைக் கல்யாணம் செய்து வந்த மூன்றாம் நாள் தனலட்சுமி மதினி இப்படிக் கேட்டாள். முத்துராணி வந்த சிரிப்பைக் கீழுதட்டில் கடித்துக்கொண்டாள். மதினி குளிக்கப் போனதும் அந்தக் கேள்வியை அப்படியே நோட்டில் எழுதி வைத்தாள். மதினியைப் பற்றி அவள் எழுதிய முதல் வரி அதுதான். இந்த ஐந்து வருஷத்தில் நோட்டு நான்கு ஆகிவிட்டது.

முத்துராணிக்குப் பேச்சு வராது என்றில்லை. ஆட்களுக்கு முன்னால் வராது. பதினொன்றாம் வகுப்பில் காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்க நிறுத்தினார்கள். தாள் கையில் இருந்தது, எழுத்தெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது, குரல் மட்டும் தொண்டையை விட்டு ஏறவில்லை. பிள்ளைகள் சிரித்த சிரிப்பு அடங்கும்முன் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள்தான். அதற்கப்புறம் பள்ளிக்கூடத் தெருப் பக்கம்கூடப் போனதில்லை. சுத்தமல்லியில் அண்ணன் மாரிராஜ் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு, செல்போனில் பார்த்துக் குரோஷா ஊசியால் பொம்மை பின்னக் கற்றுக்கொண்டாள். உள்ளங்கையில் அடங்கும் ஆமை, பூனை, எருமை, ஆந்தை, ஆட்டுக்குட்டி.

டவுணில் ஃபேன்சி கடை வைத்திருக்கும் சித்ரலேகா அக்காதான் முதலில் அவற்றை விற்றுக் கொடுத்தாள். "சும்மா பொம்மைன்னா யாரு திரும்பிப் பாப்பா? வயித்துக்குள்ள சிரிக்கிற மாதிரி ஒரு வாசகம் வையி" என்றாள். முத்துராணி ஒவ்வொன்றின் வயிற்றிலும் சின்னப் பை ஒன்றைப் பின்னி, மடித்த துண்டுச் சீட்டை உள்ளே வைத்து, ஒற்றைத் தையலில் மூடினாள். நுனியை இழுத்தால் அவிழ்ந்துவிடும். ஆமை வயிற்றில், "பைய வாரேன், ஆனா வந்துருவேன்." எருமை வயிற்றில், "சொல்லுததைச் சொல்லுங்க, தண்ணிக்குள்ள இருந்தே கேக்கேன்." கடைக்கு வரும் பிள்ளைகள் வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பதாக அக்கா சொன்னாள்.

அந்த வாசகமெல்லாம் மதினியுடையது. அது மதினிக்குத் தெரியாது.

மதினி மடியில் இலையும் தூளும் பரப்பிய சுளவை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவாள். எதிரே முத்துராணி பின்னிக்கொண்டிருப்பாள். மதினிக்குக் கையும் ஓடும், வாயும் ஓடும். புருஷன், பக்கத்து வீடு, பீடிக் கடை மேஸ்திரி, யாரும் அவள் வாய்க்குத் தப்ப முடியாது. முத்துராணி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே இருப்பாள். பிறகு எழுதுவாள். நோட்டை முன்பக்கமாகத் திறந்தால் ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு என்று பின்னலில் சுற்றுக்கு இத்தனை கண்ணி என்ற கணக்குத்தான் இருக்கும். தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கமாகத் திறந்தால்தான் மதினி பேசுவாள். யாராவது எடுத்துப் பார்த்தாலும் நாலு பக்கத்தில் சலித்துப் போய் வைத்துவிடுவார்கள் என்பது அவள் கணக்கு.

சித்திரை பிறந்ததும் மதினியின் தங்கச்சி இசக்கிக்கு ராதாபுரத்தில் வளைகாப்பு என்று நாள் குறித்தார்கள். "வாரவுகளுக்கு வெத்தலை பாக்கோட உன் பொம்மையும் ஒண்ணு ஒண்ணு குடுப்போம். அறுபது செய்து தாட்டி" என்றாள் மதினி. முத்துராணி ஒரு மாசமாக விரல் வீங்கப் பின்னினாள்.

அதற்கு நடுவில் ஒரு நாள் மதினியின் அம்மா போனில் கூப்பிட்டாள். பேசி வைத்த பிறகு மதினி ரொம்ப நேரம் பீடி சுற்றவில்லை. "மொத வளையலை வேற ஆளு போடட்டுமாம். நான் கடைசில போட்டாப் போதுமாம். வயித்துல பிள்ளை தங்காதவ கை பாரு இது" என்று கையை நீட்டிக் காட்டினாள். பிறகு இலையைப் பார்த்துக்கொண்டே, எப்போதும் பேசாத ஒரு குரலில் இன்னொன்றும் சொன்னாள். முத்துராணி அதையும் எழுதினாள். எழுதியிருக்க வேண்டாம். ஆனால் எழுதாமல் அவளுக்கு எதையும் கேட்கத் தெரியாது.

வளைகாப்பு நாள் காலையில் மாரிராஜ் லோடு ஆட்டோவைக் கிளப்பி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். முத்துராணி நோட்டை அரிசித் தூக்குக்குப் பின்னால் ஒளிக்கப் போனவள், வழக்கம்போல் ஒரு புரட்டுப் புரட்டினாள். பின்பக்க எழுத்து, "மதினி போனை வச்சிட்டு இலையப் பாத்துக்கிட்டே சொன்னது" என்பதோடு நின்றது. அடுத்த தாள் இல்லை. கிழித்த ஓரம் மட்டும் பல்லாய் நின்றது.

அந்த ஓரத்தை விரலால் தடவியபோதுதான் நினைவு வந்தது.

கடைசியாகப் பின்னியது ஆடுகள். பன்னிரண்டு ஆட்டில் நாலு ஆட்டுக்கே கலர் அட்டை தீர்ந்துபோனது. மீதி எட்டுக்கும் நோட்டின் நடுவிலிருந்து எழுதாத தாள் என்று நினைத்து ஒன்றைக் கிழித்து எட்டாக வெட்டியிருந்தாள். முன்னாலிருந்து வந்த கணக்கும் பின்னாலிருந்து வந்த எழுத்தும் அந்த நடுவில் வந்து முட்டிக்கொண்டிருந்ததை அவசரத்தில் பார்க்கவில்லை. தாளின் ஒரு மூலையில், மறுபக்கத்தில், அந்த வரி இருந்தது. எந்த ஆட்டின் வயிற்றுக்குள் போனதோ.

"தங்கச்சி வயித்தப் பாத்தா எனக்கு எரியுது ராணி."

தங்கச்சி என்றும் இருக்கிறது, ராணி என்றும் இருக்கிறது. வேறு பெயரே வேண்டாம். வளைகாப்புப் பந்தலில் யாராவது ஒரு பொம்பளை நூலை இழுத்து, சிரிப்பதற்காகச் சத்தமாக வாசித்தால் போதும். நாளைக்கு இசக்கிக்கு ஒரு தலைவலி வந்தால்கூட அது மதினியின் கண் என்பார்கள். பிறந்த வீட்டு வாசலை மதினி மறுபடியும் மிதிக்க முடியாது.

"என்னட்டி செய்யுத, கல்யாணத்துக்கா கிளம்புத?" என்று மதினி வாசலிலிருந்து சத்தம் போட்டாள். முத்துராணி நோட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினாள்.

வண்டியின் பின்னால், அல்வா தட்டும் பழத் தட்டும் வளையல் தட்டும் சரியாமல் பிடித்துக்கொள்ள, ஜமுக்காளம் விரித்து இருவரும் உட்கார்ந்தார்கள். பொம்மைச் சாக்கு நடுவில் இருந்தது. நேற்றுச் சாயங்காலம் மதினிதான் ஒவ்வொன்றாகக் கொஞ்சிக் கொஞ்சி அதற்குள் போட்டுக் கட்டியிருந்தாள். வண்டி நாற்கரச் சாலையில் ஏறியது. முத்துராணியின் கை சாக்கின் முடிச்சைத் தொடும், விடும். காலை மாற்றி மாற்றி மடக்கினாள். நாங்குநேரி போர்டு வந்தபோது பொறுக்க முடியாமல் முடிச்சை அவிழ்த்துவிட்டாள்.

"எதுக்கு அவுக்க?"

"ஒண்ணுல... எழுத்துத் தப்பு மதினி."

மதினி அவளைப் பார்த்தாள். "எந்த எழுத்து?"

முத்துராணி ஒரு ஆட்டை எடுத்து நுனியை இழுத்தாள். பச்சை அட்டை. திரும்ப மடித்து வைத்தாள்.

"எழுத்துத் தப்பாயிருந்தா ஆடு என்ன கோவிச்சுக்கிடவா போகுது? கொண்டா, நானும் பாக்கேன்."

"வேண்டாம், நானே பாக்கேன்."

"ராதாபுரம் போறதுக்குள்ள பன்னெண்டு ஆட்டுக்கும் பிரசவம் பாத்துருவியோ?" என்று மதினி ஒரு கையால் பழத் தட்டைப் பிடித்துக்கொண்டே ஒரு ஆட்டின் நூலைப் பல்லில் கடித்து இழுத்தாள். காற்றில் பறக்காமல் சீட்டை முழங்காலில் அமுக்கி வாசித்தாள். "என்னை வெட்டிராதீங்க, நான் வெறும் நூலு."

சிரித்தாள். முத்துராணிக்குச் சீட்டின் நிறம்தான் தெரிந்தது. கோடு போட்ட தாள். மதினி அதைத் திருப்பினாள். மறுபக்கம் வெறும் கோடு.

முத்துராணி அடுத்ததைத் தானே பறித்தாள். கோட்டுத் தாள். மறுபக்கம் ஒன்றுமில்லை. இன்னொன்று. மஞ்சள் அட்டை. மதினி கையில் ஒன்று, அவள் கையில் ஒன்று. எதை அவள் முந்தி எடுக்க வேண்டும், எதை மதினி எடுக்கக் கூடாது என்று தெரியாமல், இரண்டு கையாலும் ஆடுகளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"மலை மேல ஏறிட்டேன், இறங்கத்தான் தெரியல" என்று மதினி வாசித்தாள். "இது உங்க அண்ணன் என்னைக் கட்டுன கதைல்லா." அடுத்ததை எடுத்தாள். "தலையாட்டுதேன்னு சம்மதம்னு நினைச்சிராத." கொஞ்சம் நிறுத்தினாள். "இதை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே ராணி."

முத்துராணி தலை நிமிரவில்லை. சுடலை கோயில் கொடைத் திருவிழாவில் ஆட்டின் மேல் தண்ணீர் தெளித்து, அது உதறியதும் சம்மதம் என்று வெட்டுவார்களே, அதை வைத்து தான் வாழ்க்கைப்பட்ட வீட்டைப் பற்றி மதினி சொன்னது அது. போன கொடையில்.

"நான் சொன்னதுதான?"

"ம்."

"எல்லாமே நான் சொன்னதுதானோ?"

முன்னாலிருந்து மாரிராஜ், "பின்னாடி என்ன பட்டிமன்றம்? தட்டைப் பிடிங்க, வள்ளியூர் பாலம் வருது" என்று கத்தினான். வண்டி தூக்கிப் போட்டது. இருவரும் தட்டுகளின் மேல் கவிழ்ந்து பிடித்தார்கள். ஆடுகள் ஜமுக்காளத்தில் உருண்டன.

நிமிர்ந்ததும் மதினி மறுபடியும் கேட்டாள். "எந்த எழுத்து தப்பு? ல-வா, ழ-வா?"

சொல்லிவிடலாம். மதினி, உங்க வார்த்தை ஒண்ணு உள்ள போயிட்டு, நான்தான் எழுதி வச்சிருந்தேன், தெரியாமக் கிழிச்சிட்டேன். மூன்றே வாக்கியம். நோட்டில் என்றால் ஒரு வரிக்குள் அடங்கும். முத்துராணி வாயைத் திறந்தாள். காற்று உள்ளே போனது. "ழ" என்றாள்.

"ழ-வா. அது பெரிய தப்புதான்" என்றாள் மதினி.

அதற்கப்புறம் மதினி வாசிக்கவில்லை. சும்மா அவிழ்த்து, பார்த்து, மடித்து, முத்துராணியிடம் ஊசியும் நூலும் வாங்கித் தைத்துக் கொடுத்தாள். பனைகள் வந்தன. தூரத்தில் காற்றாலைகள் ஒன்றுக்குப் பின் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தன. முத்துராணி ஆடுகளை வரிசையாக வைத்தாள். நாலு அட்டை. ஏழு கோட்டுத் தாள். பதினோரு ஆடு.

சாக்கைக் கவிழ்த்தாள். ஆமைகளையும் ஆந்தைகளையும் ஒதுக்கித் துழாவினாள். சாக்கின் மூலைகளை வெளியே இழுத்து உதறினாள். பழத் தட்டுக்கு அடியில் பார்த்தாள். ஜமுக்காளத்தைத் தூக்கிப் பார்த்தாள். வீட்டிலேயே விழுந்திருக்குமோ, பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்துக்கொண்டு போயிருக்குமோ, இந்நேரம் யார் கையில் எந்தத் தெருவில் அது வாயைத் திறந்துகொண்டிருக்கிறதோ.

"ஒண்ணு குறையுதா?" என்றாள் மதினி.

"ஆமா."

"குறைஞ்சா குறையட்டும். ஆளு கொஞ்சம் குறைவாத்தான் வரும்."

"இல்ல மதினி, அந்த ஒண்ணு..."

மதினி காத்திருந்தாள். நெற்றியில் பறந்த முடியை ஒதுக்காமல், தட்டைப் பிடித்த கையைக்கூட அசைக்காமல், அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி யாரும் முத்துராணியின் வாயைப் பார்த்துக் காத்திருந்ததில்லை. காலைக் கூட்டத்தில்கூட அத்தனை பேரும் சிரிக்கத்தான் காத்திருந்தார்கள்.

"அந்த ஒண்ணு நல்லா வந்திருந்துச்சு" என்றாள் முத்துராணி.

மதினி முகத்தைத் திருப்பிப் பனைகளைப் பார்த்தாள்.

ராதாபுரத்தில் வீட்டு முன்னால் வாழை கட்டியிருந்தது. ஸ்பீக்கரில் பாட்டு ஓடியது. வண்டி நிற்கும்முன்பே இசக்கி பட்டுச் சேலையும் நிறை வயிறுமாக நடைவாசலுக்கு வந்து, "அக்கா வந்துட்டா" என்று உள்ளே திரும்பிச் சொன்னாள். மாரிராஜ் இறங்கிப் பின்கதவைத் தட்டித் திறந்து, அல்வா தட்டைத் தூக்கிக்கொண்டு போனான். மதினி இறங்கி நின்று, சேலையைச் சரிசெய்தாள். பிறகு தன் தோள்பையைத் திறந்து, உள்ளேயிருந்து ஒரு வெள்ளை ஆட்டுக்குட்டியை எடுத்து முத்துராணியின் மடியில் வைத்தாள்.

அதன் வயிறு மூடியிருந்தது. ஆனால் முத்துராணி தைத்த வெள்ளை நூலால் அல்ல. சிவப்பு நூல். பீடிக்குக் கட்டுகிற நூல். பீடிக்குப் போடுகிற அதே சுருக்கு முடிச்சு. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை எதிரே உட்கார்ந்து பார்த்த முடிச்சு.

மதினி நேற்றுச் சாயங்காலம் சாக்கில் போடும்போதே எடுத்துவிட்டாள். ராத்திரி முழுக்கத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. நாங்குநேரியிலும் வள்ளியூரிலும் தெரிந்துதான் கேட்டிருக்கிறாள்.

முத்துராணி நூலை இழுத்தாள். சீட்டின் ஒரு பக்கம் அவளே எழுதியது: "உங்க ரகசியத்தை எங்கிட்ட சொல்லுங்க. தாளைத் தின்னுட்டா யாருக்குத் தெரியும்?" திருப்பினாள். தங்கச்சி வயித்தப் பாத்தா எனக்கு எரியுது ராணி. அதற்குக் கீழே, பீடிக் கடை நோட்டில் கையெழுத்துப் போடுகிற சாய்ந்த எழுத்தில், நீல மையில் ஒரு வரி சேர்ந்திருந்தது.

"ஆடு தின்னல ஏட்டி. நான் வாசிச்சிட்டேன்."

நிமிர்ந்தாள். மதினி வண்டிப் பலகையைப் பிடித்துக்கொண்டு இன்னும் அங்கேயேதான் நின்றாள். கோபம் தெரியவில்லை. அழுகையும் தெரியவில்லை. வழியில் காத்திருந்தது போலவே முத்துராணியின் வாயைப் பார்த்துக் காத்திருந்தாள். முத்துராணியின் தொண்டைக்குள் ஏதோ ஏறி வந்தது. நாக்கு வரைக்கும் வந்தது. "மதி" என்று பாதிக்கு வந்து நின்றது.

"தனம், வளையல் தட்டு எங்கட்டி? நேரமாகுது" என்று உள்ளிருந்து மதினியின் அம்மா கூப்பிட்டாள்.

மதினி இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கை நீட்டி வளையல் தட்டை எடுத்து இடுப்பில் வைத்தாள். கண்ணாடி வளையல்கள் ஒரு தடவை குலுங்கி அடங்கின. வாழை கட்டிய வாசலுக்குள், தங்கச்சி நிற்கிற பக்கமாக நடந்து போனாள்.