வாத்துச் சந்து, மூன்றாவது கதவு

சுகாசினி இங்கிலாந்தைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் ஹெல்லிங்போர்டு என்ற ஊரில் எந்தச் சந்துக்குள் நுழைந்தால் எங்கே வெளியே வரலாம் என்று கேட்டால், தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவாள். பத்து மாதமாக அந்த ஊரோடுதான் அவளுக்குக் குடித்தனம்.

அது ஒரு சின்னச் சந்தை ஊர். எந்தக் காலத்திலோ ஒரு ராஜா, செவ்வாய்க்கிழமைதோறும் சந்தை கூட்டிக்கொள்ளுங்கள் என்று சாசனம் எழுதிக் கொடுத்தானாம். அன்றிலிருந்து செவ்வாய் தவறியதில்லை. அந்த ஊர் வரலாற்றுச் சங்கத்தில் இருநூறு வருஷத்துப் பழைய நோட்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. அவற்றை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். கோழி கிளறிய மாதிரி இருக்கும் அந்தக் கையெழுத்தைப் படித்து டைப் செய்து அனுப்புவது சுகாசினியின் வேலை. முசரவாக்கத்தில் பிறந்து, ஆங்கில இலக்கியம் படித்து, கல்யாணமானபின் பிள்ளையார்பாளையத்தில் ஒரு மாடி அறைக்குக் குடிவந்தவள் அவள். கணவன் மாணிக்கவேலுக்கு ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. கீழே வீட்டுக்காரர் நமச்சிவாயம், அவர் மனைவி மங்கையர்க்கரசி, இரண்டு பட்டுத் தறிகள்.

அந்த ஊர்ச் சங்கதிகளில் அவளுக்கு மிகவும் பிடித்தது வெண்ணெய்க்காரர்கள். சந்தைக்கு வரும் வெண்ணெயை நிறுத்துப் பார்க்க ஊரார் இரண்டு பேரை நியமிப்பார்கள். எடை குறைந்தால் பறிமுதல். வெண்ணெய் ஏழைகள் விடுதிக்குப் போய்விடும். இன்று வெண்ணெய் விற்க அங்கே யாரும் வருவதில்லை. ஆனாலும் வருஷா வருஷம் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, சிவப்பு அங்கி மாட்டி ஊர்வலம் விடுகிறார்கள். அந்த ஊர்வலத்தில் மணியடித்து ஊருக்குச் சேதி சொல்லும் மணிக்காரர் முன்னால் போவதா, வெண்ணெய்க்காரர் முன்னால் போவதா என்று ஒரு காலத்தில் ஆறு வருஷம் சண்டை நடந்திருக்கிறது. அதைப் படித்த அன்று சுகாசினி தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். சாமி புறப்பாட்டில் யார் முன்னால் நின்று பாடுவது என்று கோர்ட்டுப் படியேறிய ஊர்க்காரிக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சங்கத்தின் செயலாளர் ஆர்தர். எழுபத்தெட்டு வயது, ஓய்வுபெற்ற தபால்காரர், மனைவி போய்ச்சேர்ந்தபின் தனிக்கட்டை. திங்கட்கிழமைதோறும் வீடியோவில் கூப்பிட்டு, படிக்க முடியாமல் போன சொற்களை அவளோடு உட்கார்ந்து அலசுவார். அவளை 'சுகி' என்றுதான் அழைப்பார்.

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை. இங்கே மதியம் இரண்டரை, அங்கே காலை ஒன்பது. பழைய எடைக்கூடத்துக் கல்லில் செதுக்கியிருந்த எழுத்து 'டி'யா 'ஜே'யா என்று இருவருக்கும் வாக்குவாதம்.

"உட்கார்ந்து சண்டை போடுவானேன்? கல்லையே காட்டுகிறேன், இரு" என்று ஆர்தர் கோட்டை மாட்டிக்கொண்டு, போனும் கையுமாகக் கிளம்பிவிட்டார். சாவி அவரிடம்தான் இருந்தது. லேப்டாப் திரையில் ஈரமான கல்தரை, ஒரு செங்கல் சுவர், அவருடைய கட்டைவிரல் என்று மாறி மாறித் தெரிந்தது. கதவு கிறீச்சிட்டது. இருட்டு. "படி கொஞ்சம் வழுக்கும்" என்றார்.

அடுத்த நொடி தடதடவென்று ஒரு சத்தம். திரை கறுத்துப்போயிற்று.

"ஆர்தர்! ஆர்தர்!"

பதில் இல்லை. இணைப்பு அறுபடவில்லை, போன் எங்கோ குப்புற விழுந்து கிடக்கிறது. கீழேயிருந்து இரண்டு தறிகளும் டடக் டடக் என்று அடித்துக்கொண்டிருந்தன. சுகாசினி மாடிப்படிக்கு ஓடினாள்.

"அக்கா! தறிய நிறுத்துங்கக்கா! ஒரு நிமிஷம் நிறுத்துங்க!"

அவள் குரலைக் கேட்டதும் தறி நின்றது. ஓடிவந்து லேப்டாப்பில் காதை வைத்தாள். மெல்ல ஒரு முனகல். அப்புறம் மூச்சு, இழுத்து இழுத்து.

"இன்னாமா ஆச்சு? உங்க வூட்டுக்காரருக்கு எதனா...?" என்று கேட்டுக்கொண்டே மங்கையர்க்கரசி மேலே வந்துவிட்டாள். துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போவாளே தவிர, இந்த இரண்டு வருஷத்தில் அறைக்குள் அவள் கால் வைத்தது இதுதான் முதல் தடவை. சுகாசினி கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை.

"அவருக்கு ஒண்ணுமில்லக்கா. லண்டன் பக்கத்துல ஒரு தாத்தா, என்கூட பேசிக்கினே இருந்தாரு. படியில வுழுந்துட்டாரு. தனியா கெடக்கறாரு. யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டுந்தான் தெரியும்."

"அய்யய்யோ. அந்த ஊரு ஆம்புலன்சுக்கு போன் போடேன்!"

"இங்கிருந்து போட்டா போகாதுக்கா. அந்த ஊர்ல யாராச்சும் ஒருத்தருக்குப் போடணும். என் போன்ல வெளிநாட்டுக்குப் போகாது."

மங்கையர்க்கரசி படியில் தலையை நீட்டிக் கத்தினாள். "ஏங்க! பட்டு வாங்கற சிங்கப்பூர் கடைக்குப் பேசுவீங்களே, அந்த போனை எடுத்துக்கினு வாங்க, சீக்கிரம்!"

நமச்சிவாயம் போனைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வாசற்படியிலேயே நின்றார். முதலில் அந்த ஊர் அருங்காட்சியகத்தின் எண்ணைப் போட்டாள். திங்கட்கிழமை விடுமுறை என்று பதிவுக்குரல் சொன்னது. அடுத்து யார்? சந்தைத் திடலில் காலை ஆறு மணிக்கே திறக்கும் ரொட்டிக்கடை நினைவுக்கு வந்தது. தேடி எண்ணைப் பிடித்தாள். ஒரு இளம்பெண் எடுத்தாள்.

"நான் இந்தியாவிலிருந்து பேசுகிறேன், ஒரு அவசர..."

"ஒரு வாரத்துக்குள் இது மூன்றாவது அழைப்பு. எங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் எதுவும் இல்லை, நன்றி." போன் வைக்கப்பட்டுவிட்டது.

சுகாசினிக்கு முகம் சூடேறியது. அவமானப்படக்கூட அப்போது நேரமில்லை. லேப்டாப்பில் மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கும்படி அக்காவிடம் கைகாட்டிவிட்டு, மறுபடி போட்டாள். அந்தப் பெண் எடுத்த உடனே, மூச்சு விடாமல் பேசினாள்.

"டிசம்பர் இருபத்தொன்றாம் தேதி உங்கள் கடையில் பன்னிரண்டு ரொட்டி இனாமாகக் கொடுப்பீர்கள். முன்வாசலில் கொடுக்கமாட்டீர்கள், பின்பக்க ஜன்னல் வழியாகத்தான். வாங்குகிறவர்கள் ஊர் பார்க்கக் கூச்சப்படக்கூடாது என்று ஒரு விதவை உயில் எழுதிவைத்தாள். என்னிடம் அந்த உயில் இருக்கிறது. நான் உங்களிடம் எதையும் விற்க வரவில்லை. ஆர்தர் விழுந்து கிடக்கிறார்."

எதிர்முனையில் ஒரு தட்டைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"நீங்கள்... ஆர்தர் சொல்லும் சுகியா?"

"ஆமாம்."

"அப்பா!" என்று அந்தப் பெண் உள்ளே பார்த்து அலறியது பிள்ளையார்பாளையம் வரை கேட்டது. "எங்கே இருக்கிறார்?"

"வெண்ணெய் எடைக்கூடத்தில்."

"அப்படி ஒரு இடமே இங்கே இல்லையே!"

சுகாசினி கண்ணை மூடிக்கொண்டாள். 1871ஆம் வருஷத்து நோட்டு, பழுப்பு மசி, கூட்டத்தில் எழுதிய தீர்மானம். திறந்தவெளியில் மழைக்கு நனைகிறது என்று எடைக்கல்லை எங்கே மாற்றினார்கள்?

"வாத்துச் சந்துக்குள் போங்கள். இடதுபக்கம், தானியக் கிடங்கைத் தாண்டி மூன்றாவது கதவு. உள்ளே போனதும் படி கீழே இறங்கும்."

"தானியக் கிடங்கா... இப்போது அது பல் டாக்டர் வீடு. மூன்றாவது கதவு... ஐயோ, அது நாங்கள் சந்தைக் குடைகளைப் போட்டுவைக்கும் இடம்! நாளைக் காலை வரைக்கும் அங்கே யாரும் போகமாட்டார்கள்!"

ஓடும் காலடிச் சத்தத்தோடு அந்த அழைப்பு நின்றது.

அதற்குப்பின் செய்ய எதுவுமில்லை. அறையில் மூன்று பேரும் லேப்டாப்பைப் பார்த்தபடி இருந்தார்கள். கறுப்புத் திரை, அதற்குள்ளிருந்து மூச்சு. சுகாசினி அதோடு பேசிக்கொண்டே இருந்தாள். ஆள் வருகிறார்கள், அசையாதீர்கள், தூங்கிவிடாதீர்கள் என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னாள். நடுவில் மூச்சுச் சத்தம் சற்று நின்ற மாதிரி இருந்தது. மங்கையர்க்கரசி அவள் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு, "ஏகாம்பரநாதா" என்றாள். மூச்சு திரும்பவும் கேட்டது.

"தொண்டை வறண்டு போச்சும்மா. கொஞ்சம் தண்ணி குடு" என்றாள் மங்கையர்க்கரசி. சுகாசினி குடத்திலிருந்து மொண்டு கொடுக்க, அண்ணாந்து மடமடவென்று குடித்துவிட்டுச் சொம்பைத் தரையில் வைத்தாள். கணவருக்கும் ஒரு சொம்பு வாங்கிக் கொடுத்தாள்.

நாலு நிமிஷம் இருக்கும். கதவு கிறீச்சிடும் சத்தம். கனத்த காலணிகள். "ஆர்தர்! அசையாதே, ஆர்தர், நான்தான்!" என்று ஒரு ஆண்குரல். ஏதேதோ நகர்ந்தது. யாரோ ஆம்புலன்சுக்குப் போன் செய்து சந்தின் பெயரைச் சொல்வது கேட்டது. பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஆர்தரின் குரல்.

"என் மூக்குக்கண்ணாடியை மிதித்துவிடாதே, முட்டாள்."

சுகாசினி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

"இன்னா சொல்றாரு? இன்னா சொல்றாரு?" என்று மங்கையர்க்கரசி உலுக்கினாள்.

"திட்றாருக்கா! திட்றாரு!"

"திட்டறாரா? அப்ப பொழச்சிக்கினாரு" என்றார் நமச்சிவாயம். அந்த நேரம்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

யாரோ போனைத் தரையிலிருந்து எடுத்தார்கள். திரையில் மாவு படிந்த ஏப்ரனோடு ஒரு பருத்த மனிதர் தெரிந்தார். இந்தப் பக்கம் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருத்தியும், சட்டையில்லாமல் கழுத்தில் ருத்திராட்சத்தோடு நின்ற ஒரு பெரியவரும், நடுவில் சுகாசினியும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொஞ்சம் திகைத்தார். அப்புறம் தலையிலிருந்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, நன்றி என்றார். நமச்சிவாயம் கைகூப்பினார்.

ராத்திரி ஏழு மணிக்கு ரொட்டிக்கடைப் பெண்ணிடமிருந்து சேதி வந்தது. இடதுகை மணிக்கட்டில் எலும்பு முறிவு, நெற்றியில் ஏழு தையல். இடுப்புக்கு ஒன்றுமில்லை. தலைக்குள் ரத்தக்கசிவு எதுவும் இல்லை என்று படம் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். அந்தக் குளிரில் மறுநாள் காலைவரை கிடந்திருந்தால் கதையே வேறு என்று டாக்டர் சொன்னாராம். முதலில் போனை வைத்ததற்கு நாலு தடவை மன்னிப்புக் கேட்டிருந்தாள்.

சுகாசினி கீழே இறங்கிப்போய் அதைத் தமிழில் படித்துக் காட்டினாள். மங்கையர்க்கரசி தறிக்குழியிலிருந்து எழுந்தே வந்துவிட்டாள். அதற்குள் எதிர்வீட்டில், பக்கத்துவீட்டில் எல்லாம் சொல்லியாகிவிட்டது போலிருக்கிறது. வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். மங்கையர்க்கரசி சொல்லியிருந்த கதையில் தாத்தா கிணற்றில் விழுந்திருந்தார். சுகாசினி அதைத் திருத்தப் போகவில்லை.

எட்டு மணிக்கு மாணிக்கவேல் ஷிப்ட் இடைவேளையில் கூப்பிட்டான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, நீ சாப்டியா?" என்றான்.

சாப்பிடவில்லை. மதியமும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மத்தியானத்து ரசத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, சட்டியோடு மடியில் வைத்து ஒரு பருக்கை விடாமல் தின்றாள். நாளைக்குச் செவ்வாய்க்கிழமை, குடைகளை எடுக்க ஆள் வருவார்கள் என்று நினைத்துக்கொண்டே பாயை விரித்தாள். விளக்கை அணைக்கக்கூட எழுந்திருக்கவில்லை, அப்படியே தூங்கிப்போனாள்.