அரைக்கட்டை அரைக்கட்டையாக

அக்காவுக்குத் தெரியாமல் அவள் பாடும் சுருதியை நான் முதன்முதலாக இறக்கியது ஒரு வியாழக்கிழமை. முந்தின நாள், ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில், பதினோரு மேஜைகளுக்கு முன்னால், ஒரு பழைய காதல் பாட்டின் உச்சியில் அவள் குரல் ஏறாமல் பிசிறிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. சாப்பிடுகிறவர்களுக்குப் பாட்டு என்பது ஏசி மாதிரி, நின்றால்தான் தெரியும். ஆனால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இடைவேளையில் கழிவறைக்குள் போனவள் இருபது நிமிடம் வெளியே வரவில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தாள், கண் சிவந்திருந்தது.

"சளிடா" என்றாள்.

"ஆமாக்கா, சளிதான்" என்றேன்.

பத்தொன்பது வருடமாக அவள் பாட்டு, நான் கிட்டார். கூட ஒரு கீபோர்டுக்காரர். தாளத்தையெல்லாம் அவருடைய பெட்டியே பார்த்துக்கொள்ளும். வாரத்தில் ஐந்து மாலை, ஏழு மணிக்கு ஆரம்பம். அக்கா இசையை முறையாகப் படித்தவள் இல்லை. காது கூர்மை, ஆனால் ஒரு சுரத்தைத் தனியாகக் கேட்டு இது இன்ன கட்டை என்று சொல்லத் தெரியாது. நான் முதல் சுரக்கூட்டை மீட்டுவேன், அதைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடுவாள். அப்புறம் பாட்டு முழுக்க என் இடது கையின் மேல் ஒரு கண் வைத்திருப்பாள். கை போகும் இடத்தைப் பார்த்தே பாட்டு எங்கே திரும்புகிறது என்று தெரிந்துகொள்வாள். "எனக்கு சுருதிப் பெட்டி இவன்தான். பேட்டரி போடாம ஓடுற பெட்டி" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்வாள்.

அதனால் கையை இடம் மாற்றி வாசித்து அவளை ஏமாற்ற முடியாது. ஆறு கம்பிகளையும் அரைக்கட்டை தளர்த்தினேன். கை அதே இடத்தில் இருக்கும், சத்தம் மட்டும் கீழே இருக்கும். கீபோர்டில் சுருதியை மாற்ற ஒரு பட்டன் உண்டு, அதை அமுக்கச் சொன்னேன்.

"வேணாம் தம்பி, நேரா சொல்லிடுங்க" என்றார் கீபோர்டுக்காரர்.

"ஒரு வாரம்தான் சார். சளி போனதும் ஏத்திடலாம்."

அன்றைக்கு அக்கா அந்த உச்சியைத் தொட்டாள். தொட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தவனுக்கு மறுபடி ஏற்ற மனசு வருமா? எனக்கு வரவில்லை. இரக்கம் என்று சொல்லிக்கொண்டேன். அதில் பாதி பொய். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. வயதானால் குரல் இறங்கும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அது மேனேஜர் காதில் விழுந்தால் அவளைக் கழற்றிவிடுவார், அவள் போனால் என்னையும் சேர்த்துத்தான் கழற்றுவார். தனியாக உட்கார்ந்து கிட்டார் வாசிக்கிறவனை எவன் வைத்துக்கொள்வான்? பயந்தவன் நான், சமாதானம் அவளுக்கு.

மூன்று மாதத்தில் இன்னொரு அரைக்கட்டை. அப்புறம் இன்னொன்று. அதற்கு மேல் சாதாரண கிட்டார் தாங்காது. கம்பி துணி காயப்போடும் கொடி மாதிரி தொய்ந்து, தொட்டால் கடகடவென்று அடித்துக்கொண்டது.

"என்னடா, உன் கிட்டார் கொட்டாவி விடுது?" என்றாள் அக்கா.

அந்த வாரமே வாத்தியக் கடைக்குப் போனேன். பின்பக்கச் சுவரில், கலைந்துபோன ஒரு ஹெவி மெட்டல் இசைக்குழு விற்றுவிட்டுப் போன பாரிடோன் கிட்டார் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கழுத்து நீளம், கம்பி தடிமன், சாதாரண கிட்டாரைவிட இரண்டரைக் கட்டை கீழே பேசும். ஆனால் விரல் வைக்கிற அமைப்பு அச்சு அசல் அதேதான். எனக்கு வேண்டியதும் அதுதான். கடைக்காரர் தூசி தட்டிக் கொடுத்தார்.

அக்காவிடம் சொல்ல ஒரு கதை வேண்டுமே. அவிழ்த்துவிட்டேன். அக்கா, இது லேசுப்பட்ட சாமான் இல்லை. அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு ரெக்கார்டிங்கில் பாஸ் கிட்டார் வாசிக்கிறதையே இதிலும் சேர்த்து வாசிப்பார்கள், பாஸ் அப்போதுதான் காதில் பளிச்சென்று விழும். குதிரையில் துப்பாக்கியோடு வருகிற படங்களில் வெறும் மணலைக் காட்டும்போது டொய்ங் என்று ஒரு சத்தம் வருமே, பல படங்களில் அது இதுதான். அந்த ஊர்க் கடலோரத்துப் பையன்கள் பலகையில் நின்று அலை மேல் சறுக்கும்போது போட்ட பாட்டில் இது இருக்கிறது. மெட்டல்காரர்கள் மாவு அரைக்கிற மாதிரி அரைப்பார்கள். அதே சாமானை ஒரு ஆள் தனியாக உட்கார்ந்து மெதுவாக வாசித்தால் தாலாட்டு மாதிரி இருக்கும். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. வாங்கிய காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

ஒரு முறை மீட்டிக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

"எருமைன்னு சொல்லு" என்றாள். அன்றிலிருந்து அதற்கு அந்தப் பெயர்தான்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, எருமை வந்த பிறகுதான் நாங்கள் உருப்படியாக வாசித்தோம். அந்த அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுக்கெல்லாம் ஒரு வறண்ட வெளி கிடைத்தது. மெதுவான ஜாஸ் பாட்டுகளில் அக்காவின் குரலுக்குக் கீழே கால் நீட்டிப் படுக்க இடம் கிடைத்தது. ஒரு பிறந்தநாள் கும்பல் வேண்டுமென்றே எங்களைக் கிண்டல் செய்ய மெட்டல் பாட்டு கேட்டது. நான் எருமையை முடுக்கினேன், அக்கா மைக்கைப் பிடித்து உறுமினாள். கூடமே எழுந்து கைதட்டியது. ஒரு பெரியவர் மேஜையிலிருந்து எழுந்து வந்து, "அம்மா, இப்பத்தான் உங்க குரல்ல ஒரு கனம் வந்திருக்கு" என்றார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அதை மூன்று தடவை சொன்னாள்.

எருமையையும் நான் சும்மா விடவில்லை. அதிலும் அரைக்கட்டை அரைக்கட்டையாக இறக்கிக்கொண்டே போனேன். கீபோர்டுக்காரர் பட்டனை அமுக்குவார், என் முகத்தைப் பார்க்கமாட்டார்.

கடைசி இரண்டு மாதம் குரல் கம்மிப்போனது. காது வலிக்கிறது என்றாள். மாடிப்படி ஏறும்போது மூச்சில் ஒரு விசில் சத்தம். ஒரு நாள் இருமிவிட்டுக் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள். நான் பிடுங்கிப் பார்த்தேன், ரத்தம். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

தொண்டை டாக்டர் மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டு வெகுநேரம் பார்த்தார். சதையெடுத்துப் பரிசோதித்து, ஸ்கேன் எடுத்து, பத்து நாள் கழித்துத்தான் எங்களை உட்காரவைத்துப் பேசினார். புற்று. குரல்வளை முழுக்கப் பரவியிருந்தது. குரல்வளையை அப்படியே எடுத்துவிட வேண்டும். கழுத்தில் ஓட்டை போட்டு மூச்சுக்கு வழி செய்வார்கள். உயிர் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, இப்போது இருக்கிற பேச்சு இருக்காது.

"குரல் எப்போலேர்ந்து இறங்க ஆரம்பிச்சுதும்மா?"

"கம்மினது ரெண்டு மாசமா டாக்டர். ஆனா இறங்கல. எல்லாப் பாட்டையும் பழைய சுருதியிலதான் பாடுறேன். என் தம்பிதான் வாசிக்கிறான், வேணும்னா கேளுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன்.

"ஆச்சரியமா இருக்கே" என்றார் டாக்டர். "இது ரெண்டு மாசத்துக் கட்டி இல்ல. உங்களை மாதிரி பாடுறவங்களுக்கு முதல்லயே காட்டிக்கொடுத்திருக்கணும். ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா கதிர்வீச்சோட முடிச்சிருக்கலாம். குரலும் தங்கியிருக்கும்."

வெளியே நீளமான நடையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அக்கா ஒன்றில் உட்கார்ந்தாள். அழவில்லை. தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். "முப்பது வருஷமா பாடுறேன், என் தொண்டை எனக்குத் தெரியல பாரு. என்ன ஜென்மமோ. மேடையில நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்." என் பக்கம் திரும்பி, "நீயாவது எதாவது கவனிச்சியாடா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா" என்றேன்.

சுருதியை இறக்கியதைக்கூட யாராவது ஒருவர் மன்னிக்கலாம். இந்த "இல்லக்கா"வை நானே மன்னிக்கமாட்டேன். தன் மேல் பழி போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்க, பக்கத்து நாற்காலியில் கல்லு மாதிரி இருந்தேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மதியம் வார்டில் சேர்த்தார்கள். ஆறு கட்டில், ஜன்னலோரம் அக்காவுடையது. பையைப் பிரித்துச் சீப்பையும் சோப்பையும் அடுக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"வீட்டுக்குப் போய் கிட்டார் எடுத்துட்டு வா. ஒரு பாட்டு பாடி உன் போன்ல பிடிச்சு வெச்சுக்கலாம். பக்கத்து பெட்காரங்ககிட்ட கேட்டுட்டேன், பாடுங்கன்னுட்டாங்க."

"சரிக்கா."

"எருமை வேணாம். பழசு இருக்குல்ல, சின்னது, அதைக் கொண்டா. நாம ஆரம்பிச்சது அதோடதான்."

பஸ்ஸில் போகும்போது யோசித்தேன். பழைய கிட்டாரில் கம்பி அறுந்துவிட்டது என்று சொல்லலாம். எருமையைக் கொண்டுபோய் ஏதாவது சாக்கு சொல்லலாம். பதினான்கு மாதம் பொய் சொன்னவனுக்கு இன்னொரு நாள் பெரிய விஷயமா? அவள் ஒரு நல்ல பாட்டைப் பாடி, அதைக் கேட்டுக்கொண்டே மிச்ச நாளைக் கழிக்கலாம். ஆனால் நாளை பத்து மணிக்கு மேல் என்னைத் திட்ட அவளிடம் குரல் இருக்காது. சின்ன வயதிலிருந்து என்னைத் திட்டி வளர்த்தவள் அவள். குரல் இருக்கும்போதே தெரியட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கட்டும் என்று நினைத்தேன். யோசித்தால் அதுவும் எனக்காகத்தான். வாங்கிக் கட்டிக்கொண்டால் பாரம் குறையுமே.

வாயைத் திறந்து சொல்லத் துப்பில்லை. பழைய கிட்டாரை எடுத்து, பத்தொன்பது வருடத்துக்கு முன் இருந்த சுருதிக்கு ஏற்றிக் கொண்டுபோனேன்.

நாலரை மணிக்கு போனை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்து ரெக்கார்டிங்கை ஓடவிட்டேன். எதிர்க் கட்டில் அம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். அக்கா தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு என் இடது கையைப் பார்த்தாள். மீட்டினேன்.

முதல் வரியிலேயே குரல் எட்டவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. நிறுத்தி, தண்ணீர் குடித்தாள். "மறுபடி குடு" என்றாள். கொடுத்தேன். மறுபடியும் காற்று. மூன்றாவது தடவை அவள் பாடவே இல்லை. என் கையைப் பார்த்தாள். கை இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது.

"போன மாசம் இதே பாட்டைப் பாடினேன்" என்றாள். "எருமையில வாசிச்ச. இது மேல இருக்கு."

அதிர்ந்துகொண்டிருந்த கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கினேன்.

"அது எவ்வளவு கீழ?"

"மூணரைக் கட்டை."

"மூணரையும் ஒரேயடியாவா?"

"இல்லக்கா. அரை அரையா."

"எப்போலேர்ந்து?"

"பதினாலு மாசமா."

"பதினாலு மாசமா?" என்றாள். கத்தவில்லை. உதடு அசைந்ததைப் பார்த்தேன், டாக்டர் சொன்ன ஒரு வருஷத்தைக் கழித்துப் பார்த்திருப்பாள். கை நீட்டி என் போனை எடுத்து, ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டு, கவிழ்த்து வைத்தாள்.

நான் காத்திருந்தேன். திட்டு வரும், அறைகூட விழும் என்று எதிர்பார்த்தேன். அவள் எதிர்க் கட்டில் அம்மாள் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எத்தனை பசங்க?" என்று கேட்டாள்.

அன்று மாலை முழுக்கப் பேசினாள். நர்ஸிடம் ஊசி போடாதே, பாட்டு வேண்டுமானால் கேள் என்று வம்பளந்தாள். வார்டைக் கூட்ட வந்தவளிடம் அவள் மாமியாரைப் பற்றி விசாரித்தாள். ஆறு மணிக்குக் கீபோர்டுக்காரர் வந்தார். "சார், நீங்களும் பட்டனை அமுக்கினீங்களா?" என்றாள். அவர் தலைகுனிந்து, "ஆமாம்மா" என்றார். "சரி விடுங்க, உக்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினாள். பிறகு இருவரும் ஒரு மணி நேரம், மேடையில் நடந்த கூத்தையெல்லாம் சொல்லிச் சிரித்தார்கள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். தண்ணீர் நீட்டினேன், வாங்கிக் குடித்தாள். போர்வையைச் சரிசெய்தேன், செய்யவிட்டாள். ஒரு வார்த்தை இல்லை.

"அக்கா, என்னைத் திட்டிடுக்கா" என்று காலைத் தொட்டுக் கேட்டேன். காலை இழுத்துக்கொள்ளவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

காலையில் ஒன்பதரைக்கு அவளைக் கொண்டுபோகத் தள்ளுவண்டி வந்தது. நர்ஸ் பெயரைக் கேட்டாள். அக்கா முழுப் பெயரையும், அப்பா பெயரோடு சேர்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். வயதைச் சொன்னாள். எதிர்க் கட்டில் அம்மாளுக்குப் போய்வருகிறேன் என்று கையசைத்தாள். லிப்ட் வரைக்கும், அப்புறம் அந்த நீளமான நடை முழுக்க, வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன்.

"மெதுவா தள்ளுங்கப்பா, ஓடியா போகப்போறேன்" என்றாள் வண்டி தள்ளியவரிடம்.

அவர் மெதுவாகத்தான் தள்ளினார். ஆபரேஷன் அறைக் கதவருகே நர்ஸ் என் கையைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டாள். அக்கா கூரையைப் பார்த்தபடியே உள்ளே போனாள்.